நாகலாபுரத்துக்கு ஏற்ற பல் அடைப்பு

சென்ற கோடை விடுமுறையில் திருப்பதியிலிருந்து புத்தூர், நாராயணவனம் வழியாக நாகலாபுரம் செல்லும் பேருந்தில் ஓர் அம்மாளும் அவர் மகளும் எனக்கு எதிரே அமர்ந்திருந்தார்கள். சிறுமிக்கு ஒன்பது வயதிருக்கும். வாயில் பஞ்சைக் கடித்தபடி, வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"பல் எடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாம்பா. மூணு ராத்திரியா தூங்கல. ஒருநாள் கூலி போனாலும் போவுதுன்னு கூட்டிப் போனேன். அடைக்கலாம்னாங்க, அதுக்கு இன்னும் ரெண்டு தரம் வரணுமாம். பால் பல்லுதானே, மறுபடி மொளைச்சுக்கும்னு எடுக்கச் சொல்லிட்டேன்."

நான் பல் மருத்துவம் பயில்பவன். சிறுமியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எடுக்கப்பட்டது பால் பல் அன்று. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதளவில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஓசையில்லாமல் முளைக்கும் பல் அது. அதனாலேயே பெற்றோர் பலர் அதைப் பால் பல் என்று எண்ணிவிடுகிறார்கள். இனி அவளுக்கு அந்த இடத்தில் பல் முளைக்காது. இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. நாகலாபுரம் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன். அந்தக் கோழைத்தனம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நண்பர்களே, அந்தத் தாய் தவறு செய்தாரா? "இன்னும் இரண்டு முறை" என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! நமக்கு அது நாட்குறிப்பில் இரண்டு கோடுகள். அவருக்கோ இரண்டு நாள் கூலி, இருவருக்குமாக எட்டுப் பேருந்துச் சீட்டு. இந்தக் கணக்கை எந்தப் பாடநூலும் போட்டுக் காட்டுவதில்லை. அழுத்த வலிமை எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, நிறம் எத்தனை ஆண்டு நிற்கும் என்றெல்லாம் அடைப்புப் பொருள்களை அளக்கக் கற்கிறோம். அந்தப் பொருள் நாகலாபுரத்தில் ஒரே நாளில், ஒரே அமர்வில், மின்சாரம் போன நேரத்திலும் பயன்படுமா என்பதை மட்டும் அளப்பதில்லை.

நம்மிடம் உள்ள பொருள்களைச் சற்றே பார்ப்போம். பழைய பொருள் இரசக் கலவை. வெள்ளி, ஈயம், செம்பு எனச் சொல்லிவிடுவார்கள்; ஈயமன்று, வெள்ளீயம். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். உறுதியானது, மலிவானது, ஆனால் பல்லோடு ஒட்டாது. அது பிடித்து நிற்க வேண்டுமானால் நல்ல பல்லையும் குடைந்து இடம் செய்யவேண்டும். குடைவதற்குப் பொறி வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது, 2017இல் நடைமுறைக்கு வந்தது, 2018இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஆகவே அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது நீல ஒளி பட்டால் இறுகும் பிசின். பல்லின் நிறத்திலேயே இருக்கும், நகரத்தார் விரும்புவது. ஆனால் அதற்குப் பல்லை அமிலத்தால் துடைக்கவேண்டும், எச்சில் ஒரு துளியும் படாமல் காக்கவேண்டும், விளக்கும் மின்சாரமும் வேண்டும். (நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் ஆண்டுக்கொருமுறை, மார்ச்சு மாதத்தில், கதிரவன் ஒளி கருவறை மூர்த்தியின் மேல் மூன்று நாள் படிப்படியாக விழும். கோயிலைக் கட்டிய தச்சர்கள் வெளிச்சத்தை அவ்வளவு கச்சிதமாக அந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நம்மால் ஒரு பல் விளக்கைக் கொண்டுபோக முடியவில்லை. போகட்டும்.)

மூன்றாவது, கிளாஸ் அயனோமர் சிமென்டு. இலண்டனில் அரசாங்க இரசாயனர் ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் கண்டு, 1972இல் வெளியிட்டது. புளோரைடு கலந்த அலுமினோ சிலிக்கேட்டுக் கண்ணாடியின் பொடி ஒன்று. பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசல் ஒன்று. இரண்டையும் குழைத்து வைத்தால், அமிலம் பல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. எனவே அடைப்பு தானே ஒட்டுகிறது. நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. சொத்தையின் மென்மையான பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்தால் போதும். விளக்கு வேண்டாம், பெரும்பாலும் மரப்பு ஊசியும் வேண்டாம். 1980களின் நடுவில் தான்சானியாவில் இந்த முறையைக் கையாளத் தொடங்கினார்கள். பிறகு தாய்லாந்திலும் சிம்பாப்வேயிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இந்தச் சிமென்டைச் சேர்த்தது.

அப்படியானால் விடை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

இந்தச் சிமென்டைப் பரிசோதிக்கும் உலகத் தரவிதி, குழைக்கும் அறை 23 டிகிரியில் இருக்கவேண்டும் என்கிறது. 23 டிகிரி! சித்திரை வைகாசியில் நம் ஊர்ப் பள்ளித் திண்ணையில் 40 டிகிரி அடிக்கும். இரசாயன வினை வெப்பத்தில் விரையும் என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். பெட்டியின் மேல் "இரண்டு நிமிடத்துக்குள் பயன்படுத்துக" என்று இருந்தால், அது குளிரூட்டிய அறையின் இரண்டு நிமிடம். திண்ணையின் இரண்டு நிமிடம் அன்று. பல்லுக்குப் போகுமுன்பே பலகையில் இறுகத் தொடங்கிவிடும். குழைப்பவர் என்ன செய்வார்? கொஞ்சம் நீர்க்கட்டும் என்று பொடியைக் குறைப்பார். பொடி குறைந்தால் அடைப்பு வலுவிழக்கும், எளிதில் கரையும். சில மாதத்தில் அது பெயர்ந்து விழுந்தால், "பார்த்தீர்களா, இது ஏழைகளுக்கான மட்டச் சரக்கு" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். பொருள் தோற்றதா, நம் அளவுகோல் தோற்றதா?

இந்த மட்டச் சரக்கு என்ற குற்றச்சாட்டை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பணக்காரனுக்குப் பிசின், ஏழைக்குச் சிமென்டு என்று இருவகை வைத்தியமா என்று என் அறைத் தோழர் ஒருவர் சினந்தார். சினம் நியாயமானதே. இந்தச் சிமென்டு நொறுங்கக்கூடியது. பல்லின் இரண்டு பக்கம் தின்ற பெரிய குழிகளில் அடிக்கடி தோற்கிறது. ஆனால் அந்தச் சிறுமிக்கு முன் இருந்தவை பிசினும் சிமென்டும் அல்ல, இடுக்கியும் சிமென்டும். அந்த இரண்டில் எது என்று கேட்டால் நான் தயங்கமாட்டேன். தோழர் தயங்கினார், பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வெப்பத்தோடு தண்ணீரும் உண்டு. இந்தச் சிமென்டு சிறிது சிறிதாகப் புளோரைடை வெளிவிட்டுப் பக்கத்துப் பல்லைக் காக்கிறது என்கிறோம். ஆனால் அதே புளோரைடு குடிநீரில் மிகுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியாவுக்கு முதலில் உணர்த்திய பகுதிகளுள் ஒன்று, நமக்கு அண்டையிலுள்ள அன்றைய நெல்லூர் மாவட்டம். பற்களில் பழுப்புக் கறை. வயது ஏற ஏற முதுகும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் முடியாத மனிதர்கள். 1937இல் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் இந்நோயை ஆராய்ந்து, கிணற்றுப் புளோரைடே காரணம் என்று எழுதினார்கள். ஆய்வுக்கூடம் இருந்தது கிண்டியில். விடை கிடைத்தது கிணற்றடியில். நோயாளியையும் அவர் குடித்த நீரையும் சேர்த்துப் பார்த்ததாலேயே அது கிடைத்தது.

இன்று குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புளோரைடு மிகுந்த நீரில் வளர்ந்த பல்லின் மேற்பூச்சு அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஒட்டும் பொருள்கள் அதில் வழக்கம்போல் ஒட்டுவதில்லை. அப்படியானால், வேறு நாட்டில் பிடுங்கிய பற்களில் சோதித்த ஒட்டுவலிமை எண்ணை வைத்துக்கொண்டு நம் கிராமத்துப் பிள்ளையின் வாயில் எப்படி உறுதி கூறுவது? கிணற்றை அறியாமல் பல்லை அறிய முடியாது.

இதற்கு மொழியும் ஒரு தடை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாகலாபுரம் ஆந்திரத்தில் நின்றது. 2022முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் மக்களுக்கு எல்லைக்கல் தெரியாது. "ஆறு வயதில் முளைப்பது பால் பல் அன்று" என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியிலும் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்ட நமக்கு யார் அனுமதி தரவேண்டும்? திருப்பதியில் படிக்கும் தமிழ் மாணவரைவிட இதற்குத் தகுந்தவர் யார்?

நம் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பந்தல் அலங்காரச் செலவை மட்டும் இந்த ஆண்டு விட்டுவிடுவோம். இரசாயனம் பயிலும் நண்பர்கள் புளோரைடு மின்முனையும் மீட்டரும் ஏற்பாடு செய்யட்டும். நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீர் எடுப்போம். பிளாஸ்டிக் புட்டிகளையே கொண்டுபோகவேண்டும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்தால் எண் பொய்யாகிவிடும். பல் மருத்துவம் பயில்வோர், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், நண்பகல் திண்ணையில் அமர்ந்து சிமென்டைக் குழைப்போம். பல்லில் அன்று, முதலில் பலகையில். ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு போதும். பலகையை மண்பானை நீரில் குளிரவைத்தால் எத்தனை விநாடி கூடுகிறது, பொடியைக் குறைக்காமல் வேலையை முடிக்க முடிகிறதா என்று எழுதி வைப்போம். முடிவுகளைத் தமிழிலும் தெலுங்கிலும் இதே இதழில் வெளியிடுவோம்.

சித்திரை பிறப்பதற்குள் பெயர் கொடுத்தால் நல்லது. நான் என் பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். அதன் கீழே இடம் நிறைய இருக்கிறது. அந்தச் சிறுமியின் மற்ற மூன்று கடைவாய்ப் பற்களில் ஒன்றில் கரும்புள்ளி இருந்ததைப் பேருந்தில் பார்த்தேன். அது இன்னும் சிறிய புள்ளிதான்.