பல்பை மாத்திட்டு வாங்க, ஃபைன் வேண்டாம்!

விடியற்காலை ஐந்து மணி. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருகிறது. ஹெட்லைட் எரியவில்லை. அண்ணா சிலை அருகே போலீஸ் செக்கிங். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தினமும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது.

“லைட் எங்கய்யா?”

“நேத்து ராத்திரிதான் சார் போச்சு. கடை தொறந்ததும் மாத்திடுறேன் சார்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க.”

இ-சலான் மெஷின் கைக்கு வருகிறது. வண்டி எண்ணைத் தட்டியதும் செல்போனுக்கு மெசேஜ் போய்விடுகிறது. அபராதம் பதிவாகிவிட்டது. வண்டிக்காரர் பெருமூச்சு விட்டபடி கிளம்புகிறார்.

எப்படிக் கிளம்புகிறார்? அதே இருட்டு ஹெட்லைட்டோடுதான்!

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எழுகிறது. அபராதம் அரசு கஜானாவுக்குப் போகிறது. பல்பு? அது அப்படியே இருக்கிறது. நாளைக் காலையும் அதே வண்டி அதே பாலத்தில் இருட்டாகத்தான் வரும். பல்பு வாங்க வைத்திருந்த காசு அபராதத்துக்குப் போய்விட்டால், நாளை மறுநாளும் அப்படியேதான். சோதனையின் நோக்கம் தண்டிப்பதா, சாலையைப் பத்திரமாக்குவதா?

பிரிட்டனில் ஒரு வழி

பிரிட்டன் போலீஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வாகனக் குறை திருத்தத் திட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். விளக்கு எரியவில்லை, இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை, சைலன்சர் சத்தம் போடுகிறது என்பது போன்ற குறையோடு வண்டி மாட்டினால், போலீஸ்காரர் ஒரு படிவத்தைக் கொடுப்பார். குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் 14 நாட்களுக்குள், குறையைச் சரிசெய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டி, ‘சரியாகிவிட்டது’ என்று முத்திரை வாங்கி, படிவத்தைப் போலீசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வழக்கு இல்லை, அபராதம் இல்லை. அனுப்பவில்லை என்றால் வழக்கு வரும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே போன்ற நடைமுறை உண்டு. குறையைச் சரிசெய்து, அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, 25 டாலர் கட்டணத்தோடு தாக்கல் செய்தால் வழக்கு முடிந்துவிடும்.

இதில் யாருக்கு நஷ்டம்? வண்டிக்காரர் எப்படியும் செலவு செய்கிறார். ஆனால் அந்தப் பணம் அவருடைய வண்டிக்கே போகிறது. எதிரே வருபவர் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஒரு வழக்கு மிச்சம்.

நம் சட்டத்தில் இடமே இல்லையா?

இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 116-வது விதியைப் பாருங்கள். ஒரு வண்டி அளவுக்கு மீறிப் புகை கக்குகிறது என்று சந்தேகம் வந்தால், சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ எழுத்து மூலம் உத்தரவு கொடுக்கலாம். வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதித்து, 7 நாட்களுக்குள் சான்றிதழைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால்தான் நடவடிக்கை. பிரிட்டனில் விளக்குக்கும் சைலன்சருக்கும் செய்வதை, நம் விதி புகைக்குச் செய்கிறது.

ஆவணங்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் கையில் இல்லாதவர் 15 நாட்களுக்குள் அவற்றின் நகலை அனுப்பிவைக்கலாம் என்று 139-வது விதி வழி செய்திருந்தது. இன்று டிஜிலாக்கர் செல்போனிலேயே இருப்பதால் அந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

ஆனால் எரியாத விளக்குக்கு இப்படி ஓர் அவகாசம் எழுதப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 190-வது பிரிவின்படி, ஆபத்து உண்டாக்கும் குறையோடு வண்டி ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்பு அது 250 ரூபாய்தான். அந்தப் பிரிவில் ஒரு நியாயமான வரியும் உண்டு. குறை இருப்பது ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். வழியில் திடீரென்று ஃபியூஸ் போன பல்பையும், மூன்று மாதமாக எரியாத பல்பையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கவில்லை. ரோட்டில் மெஷினைத் தட்டும்போது அந்த வித்தியாசத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஹெல்மெட் கற்றுத்தந்த பாடம்

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. 2015 ஜூலை 1-ம் தேதி நினைவிருக்கிறதா? அன்றுமுதல் இருசக்கர வாகனத்தில் இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. போடாதவரின் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது ஹெல்மெட்டையும் அதன் ரசீதையும் காட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. குறையைச் சரிசெய், காகிதத்தை வாங்கிக்கொண்டு போ என்ற அதே தத்துவம்தான்.

என்ன நடந்தது? கடைகளில் கூட்டம் அலைமோதியது. விலை ஏறியது. வீட்டுக்கு வீடு ஹெல்மெட் வந்தது. கொஞ்ச நாளில் பாதிப் பேர் தலையில் இருந்த ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்குக்கும் கைப்பிடிக்கும் இடம் மாறியது!

காரணம் எளிது. ஹெல்மெட் போடாதது பழக்கத்தின் குறை. ரசீது காட்டினால் பொருள் வரும், பழக்கம் வராது. எரியாத பல்பு வண்டியின் குறை. ஒரு தடவை மாற்றிவிட்டால் ஓட்டுபவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது எரியும். இந்தத் திட்டம் வண்டிக்குப் பொருந்தும். குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும், சிக்னலைத் தாண்டுபவருக்கும், ஒற்றைக் கையில் செல்போன் பேசிக்கொண்டே போகிறவருக்கும் பொருந்தாது.

2019-ல் அபராதங்கள் பல மடங்கு ஏறியபோது ஒடிசா அரசு, ஆவணங்களைச் சரிசெய்துகொள்ள மக்களுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. பீகாரின் மோதிஹாரியில் போலீசார் சோதனை நடக்கும் இடத்துக்கே ஹெல்மெட் விற்பவரையும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டையும் வரவழைத்தார்கள். அபராதத்துக்குப் பதில் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில்தான் வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாய் என்று இருந்தது ஆயிரம் ரூபாய் ஆனது. தொகை கூடிய அளவுக்கு, போலீசைக் கண்டதும் வண்டியைத் திருப்பும் அவசரமும் கூடுகிறது.

அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று திருச்சிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 7-ம் தேதி துவாக்குடி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைப் போக்குவரத்துப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஒருவர் பின்தொடர்ந்து போனார். அவர் உதைத்ததில் பைக் விழுந்தது என்பது புகார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இறந்துபோனார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அன்றிரவு சாலையில் திரண்டார்கள். ஒரு சாதாரண சோதனை உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ‘நின்றால் ஃபைன்’ என்று நினைப்பவர் ஓடுகிறார். ‘நின்றால் ஒரு சீட்டு, சரிசெய்ய ஒரு வாரம்’ என்று தெரிந்தவர் எதற்கு ஓட வேண்டும்?

முத்திரை மட்டும் போதுமா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அவகாசம் கொடுப்பது எளிது. சரியானதை யார் பார்ப்பது என்பதுதான் சிக்கல்.

2012 ஜூலை மாதம் தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இல்லாமல் இல்லை. கொஞ்ச நாட்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் வண்டி நன்றாக இருந்தது, தரையில்தான் ஓட்டை.

அதன் பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. இப்போது பள்ளி திறக்கும் முன்பு, கோடை விடுமுறையில், எல்லா மாவட்டங்களிலும் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். போக்குவரத்து, போலீஸ், வருவாய், கல்வித் துறை அதிகாரிகள் சேர்ந்து பார்க்கிறார்கள். தரை, படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒவ்வொன்றாக. குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். சரிசெய்து மறுபடி கொண்டுவந்து காட்டினால்தான் அது பிள்ளைகளை ஏற்ற முடியும்.

நம் ஊரில் ஏற்கெனவே நடக்கும் குறை திருத்தத் திட்டம் இதுதான். இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, சரிசெய்யும் வரை வண்டி ஓடாது. இன்னொன்று, ரசீதைக் காட்டினால் போதாது, வண்டியையே காட்ட வேண்டும்.

பேருந்து நிலையங்களில் ஏர் ஹாரன் சோதனையும் அப்படித்தான். காதைக் கிழிக்கும் ஹாரனை அங்கேயே கழற்றி எடுத்துவிடுகிறார்கள். பஸ் நிலையத்தை விட்டு வெளியே போகும்போதே குறை போய்விட்டது!

சத்திரத்தில் செய்து பார்க்கலாமே

இப்படி ஒன்றை முயன்று பார்க்கச் சத்திரம் பேருந்து நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்ட நிலையம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், லால்குடி, துறையூர் என்று எல்லாத் திசைக்கும் வண்டிகள் இங்கிருந்து பிரிகின்றன. பக்கத்திலேயே கல்லூரிகள், தெப்பக்குளம், மலைக்கோட்டை கடைவீதி. வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன்பே ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டம். சமயபுரம் பூச்சொரிதல் நாட்களில் இரவெல்லாம் பக்தர்கள் சாலையோரமாக நடந்து போகிறார்கள். மஞ்சள் புடவையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் தாய்க்கு, பின்னால் விளக்கில்லாமல் வரும் வண்டி தெரியாது. வண்டிக்காரருக்கும் அவர் தெரியமாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சின்னக் குறைகளுக்கு முதல் தடவை ஒரு சீட்டு. ஏழு நாள் அவகாசம். எந்த ஸ்டேஷனிலோ செக்கிங் பாயின்ட்டிலோ வண்டியைக் கொண்டுவந்து காட்டினாலும் செல்லும். காட்டாவிட்டால் அபராதம் தானாகப் பதிவாகும். அதே வண்டி அதே குறையோடு இரண்டாவது தடவை மாட்டினால் சலுகை இல்லை. பிரேக் பிடிக்காத வண்டி, நூல் தெரியும் மொட்டை டயர் போன்றவற்றுக்கு ஏழு நாள் அல்ல, ஏழு நிமிடம்கூடக் கொடுக்கக் கூடாது. அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். இ-சலான் மெஷினில் ஏற்கெனவே வண்டி எண், தேதி, இடம் எல்லாம் ஏறுகிறது. யார் கையிலும் பணம் புழங்க வேண்டியதும் இல்லை.

சலுகை கொடுத்தால் பயம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பயம் போகாது. ஏழாவது நாள் அபராதம் காத்திருக்கிறதே! அதோடு, ‘சார் நம்மளப் பிடிக்க நிக்கல, நல்லதுக்குத்தான் நிக்கிறாரு’ என்ற எண்ணமும் சேர்ந்து வரும்.

1976-ல் திறந்த காவிரிப் பாலமே பழுது பார்த்துக்கொள்ள 2022 இறுதியில் போக்குவரத்தை நிறுத்தியது. ஊரே சில மாதம் சுற்றிப் போய்ச் சகித்துக்கொண்டது. 2023 மார்ச்சில் பாலம் திரும்பக் கிடைத்தது. அதன்மேல் ஓடும் வண்டிக்கு ஒரு வாரம் தரலாம்.

வீட்டிலேயே ஐந்து நிமிடம்

திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். டிம், பிரைட் இரண்டும் சுவரில் தெரிகிறதா பாருங்கள். பிள்ளைகளைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை அழுத்துங்கள், “எரியுதுப்பா!” என்று குரல் வர வேண்டும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். ஹாரனை ஒருமுறை அழுத்துங்கள். டயரில் விரலை வைத்துத் தடவினால் பள்ளம் கைக்குத் தட்டுப்பட வேண்டும். புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று காலண்டரில் குறித்துவையுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், நாளைக் காலை வேலைக்குக் கிளம்புமுன் முதலில் மெக்கானிக் கடைக்குப் போங்கள்.