காதுக்கும் உண்டு தேய்மானம்

வெளியூர்ல குப்பை கொட்டுற நமக்கு ஹெட்ஃபோன்னா பாட்டெல்லாம் அப்புறம். ஊர்ல இருந்து வர்ற அம்மா ஃபோன்தான் முதல்ல. அதையும் வைப்பின் ஜங்கார்ல, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவுல பேசறவன் நான்.

500 ரூபாய் வயர் ஹெட்செட்: சார்ஜ் கவலை இல்ல, வீட்டுக்குத் தாராளம்.

1,500 ரூபாய் இயர்பட்ஸ்: வசதிதான். ஆனா பேட்டரி தேஞ்சா பெரும்பாலும் மாத்த முடியாது.

25,000 ரூபாய் ஹெட்ஃபோன்: எஞ்சின் சத்தத்தையே அமுக்கிடும்.

தண்டச் செலவுன்னுதான் நானும் நினைச்சேன். ஜங்கார்ல வால்யூமைக் கூட்டிக் கூட்டி, இப்ப வலது காதுல ஓயாத ரீங்காரம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல்னா வாரம் 40 மணி நேரம் கேக்கலாம். 90 ஆனா நாலே மணி நேரம்தான்.

பி.காம். படிச்சவன் சொல்றேன் மக்களே, தினமும் இரைச்சல்ல கேக்கறவங்க மட்டும் பெரிய காசு போடுங்க. மத்தவங்களுக்கு 500 போதும். ரெண்டும் இல்லையா? கரை இறங்கிப் பேசுங்க. அம்மா காத்திருப்பாங்க.