மாத்திரை ஒன்று, மருந்து மூன்று: ஹெச்.ஐ.வி-க்கு எந்தக் கூட்டணி நல்லது?

ஹெச்.ஐ.வி இருப்பது புதிதாகத் தெரியவந்த ஒருவர் ஏ.ஆர்.டி மையத்துக்குப் போகிறார். பரிசோதனை, கவுன்சலிங் எல்லாம் முடிந்ததும் கைக்கு வருவது ஒரு டப்பா மாத்திரை. தினமும் ஒன்று, வாழ்நாள் முழுக்க. அந்த ஒற்றை மாத்திரைக்குள் 3 மருந்துகள் இருக்கின்றன. ஒரே மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரமே தன்னை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். அதனால்தான் கூட்டு மருந்து.

எந்த 3 மருந்துகள் என்பதுதான் கேள்வி. பல ஆண்டுகள் அதில் ஒன்றாக எஃபாவிரென்ஸ் இருந்தது. நல்ல மருந்துதான். ஆனால், பலருக்குத் தலைசுற்றல், தூக்கத்தில் விசித்திரமான கனவுகள். அந்த இடத்துக்கு டோலுடெக்ராவிர் வந்தபோது, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அப்படி நடந்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த 'அட்வான்ஸ்'. அதற்குமுன் சிகிச்சை எடுக்காத 1,053 பேர், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய கூட்டணி. மற்ற இரண்டுக்கும் டோலுடெக்ராவிர். அதில் ஒரு குழுவுக்கு டெனோஃபோவிரின் பழைய வடிவம் (டி.டி.எஃப்), இன்னொன்றுக்குப் புதிய வடிவம் (டி.ஏ.எஃப்).

2019-ல் வெளியான 48 வார முடிவு இது: வைரஸ் அடங்கியவர்கள் பழைய கூட்டணியில் 79%, டி.டி.எஃப் - டோலுடெக்ராவிரில் 85%, டி.ஏ.எஃப் - டோலுடெக்ராவிரில் 84%.

'அப்படியானால் பழைய மருந்துக்கு வீரியம் குறைவா?' என்றால், இல்லை. சொன்னபடி மருந்தைத் தொடர்ந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்றுமே சமம். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள்தான் பழைய கூட்டணியில் அதிகம். ஆயுள் முழுக்க விழுங்கவேண்டிய மாத்திரையில் இது சின்ன விஷயமே இல்லை.

புதியதிலும் சிக்கல் உண்டு. 48 வாரங்களில் பெண்களின் சராசரி எடை டி.ஏ.எஃப் குழுவில் 6.4 கிலோ ஏறியது. டி.டி.எஃப் குழுவில் 3.2, பழைய கூட்டணியில் 1.7. அதிகம் எடை போட்டவர்கள் பெண்கள். எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் டி.ஏ.எஃப் சாதுவானது என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று யோசித்தால், எடையைத் தள்ளிவிட முடியாது.

பெண்களுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. கருத்தரிக்கும் சமயத்தில் டோலுடெக்ராவிர் எடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டு பாதிக்கப்படலாம் என்று 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. பல நாடுகளில் பெண்களுக்கு இந்த மருந்தைத் தரத் தயங்கினார்கள். கூடுதல் பிரசவங்களின் தகவல் சேரச் சேர அந்தப் பயம் கரைந்தது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம், பெண்கள் உட்பட எல்லோருக்கும் முதல் தேர்வாக டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்தது.

இந்தியாவின் ஏ.ஆர்.டி மையங்களில் இப்போது பரவலாகத் தரப்படும் டி.எல்.டி மாத்திரையிலும் டி.டி.எஃப், லாமிவுடின், டோலுடெக்ராவிர்தான் இருக்கின்றன.

இதைச் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அல்சர் மருந்தான ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். எவ்வளவு நேர இடைவெளி விடவேண்டும் என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் ஒரு வேளை போதாது, இரண்டு வேளை தேவைப்படும். அதனால் காசநோய் சிகிச்சை தொடங்கினால் ஏ.ஆர்.டி மையத்திலும், ஹெச்.ஐ.வி மருந்து எடுப்பதைக் காசநோய் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.