பழைய சட்டம் போயிற்றா?

“சாமி, பழைய சட்டத்தை எடுத்துவிட்டார்களாமே, தங்கச்சி மகனை இனி விட்டுவிடுவார்களா?”

நாகலூரில் ஞாயிறு பூசை முடிந்ததும், காப்பித் தோட்டத்து அம்மாள் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார். அந்தப் பிள்ளை இலங்கையினின்று அகதியாய் வந்தவன். வழக்கொன்றில் சிக்கி, ஜாமீன் பெற்ற பின்னும் திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் இருப்பவன். (அதனை அரசு சிறை என்பதில்லை.)

அம்மாள் கேள்வியுற்றதில் பாதி மெய். 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம் நீங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, அயல்நாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும் பழைய சட்டத்தின்கீழ்ப் பிறந்த ஆணைகள், புதியதற்கு முரணாகாத வரை, தொடரும் என்று அச்சட்டமே கூறுகின்றது. தாம் அயல்நாட்டார் அல்லர் என மெய்ப்பிக்கும் சுமையும் முன்போலவே உரியவர் தலைமீதே.

2015 ஜனவரி 9-க்குள் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையினின்று விலக்களிக்கும் ஆணையும் உடன் வந்தது. நம் சேலம் மாவட்ட முகாம்களில் வாழும் குடும்பங்களுக்கு இது மெய்யான ஆறுதலே. ஆனால் அது குடியுரிமை தருவதன்று; சிறப்பு முகாமின் கதவைத் தானே திறப்பதுமன்று.

இதை அந்த அம்மாளிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. பிள்ளையை வைத்திருக்கும் ஆணையின் நகலை வாங்கிவரச் சொன்னோம். எந்தப் பிரிவின்கீழ் என்று தெரிந்தால்தான் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் கேட்க இயலும்.

நகல் இன்னும் வரவில்லை.