எந்த வருடக் கணக்கு என்று கேளுங்கள்

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

நாங்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள். உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறோம், உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்தான் எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2024 ஜூலையில் வந்த செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஏதோ ஒரே வருடத்தில் நடந்ததுபோல் எல்லோரும் பதறினார்கள். பிறகு அந்த மாநில அரசு விளக்கம் கொடுத்தது. அது 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை, 17 ஆண்டுகளில் பதிவான மொத்தக் கணக்கு. ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே இளைஞர்களைப் பாதித்திருப்பது உண்மை; அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்த செய்தி போன தூரத்துக்கு விளக்கம் போகவில்லை.

அந்த வாரம் எங்கள் அக்கா ஒருவர் மருந்து வாங்கப் புறப்பட்டார். பல வருடமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கும் சத்தம் மருமகள் காதில் விழக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருப்பார். பஸ்ஸில் இரண்டு பேர் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டு வந்தார்கள். இவர் பாதி வழியிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

எண்களால் வரும் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் தொற்று என்று சொல்லிவந்த கணக்கு, 2007-இல் சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. மீதிப் பேர் குணமாகிவிடவில்லை. அதுவரை மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகள், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தவர்கள் ஆகியோரின் ரத்தத்தைப் பார்த்தே பெரும்பாலும் நாட்டுக்குக் கணக்குப் போட்டார்கள். தேசிய குடும்பநல ஆய்வு வீடு வீடாகப் போய் சுமார் ஒரு லட்சம் பேரைப் பரிசோதித்த பிறகுதான் சரியான அளவு பிடிபட்டது.

இன்னொன்று. 2004 முதல் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. அதனால் சாகாமல் இருக்கிறோம். பழையவர்கள் பிழைத்திருக்க, புதிதாகச் சிலர் சேர்ந்தாலும் மொத்தக் கணக்கு கூடத்தான் செய்யும். அதை எடுத்து ‘எய்ட்ஸ் அதிகரிப்பு’ என்று தலைப்புப் போடும்போது, நாங்கள் உயிரோடிருப்பதையே நோய் பரவுவதற்குச் சாட்சியாக்குகிறார்கள். எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை என்பதும் அந்தத் தலைப்பில் காணாமல் போகிறது.

ஆகவே உங்களை வேண்டிக் கேட்கிறோம். அடுத்த முறை இப்படி ஒரு எண் வந்தால், பகிர்வதற்கு முன் நிதானியுங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? புதிதாகத் தொற்றியவர்களா, மொத்தமாக வாழ்பவர்களா? எத்தனை பேரைப் பரிசோதித்ததில் இத்தனை பேர்? செய்தியில் பதில் இல்லையென்றால் அந்தப் பத்திரிகைக்கே எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி.யோடு வாழும் உங்கள் ஊர்க்காரர்கள்