பரண் கட்டிய பணக்காரர்

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கும் என்று நான் சொல்லட்டுமா? பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, கால் உடைந்த மணை, வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து அம்மா பைண்டு செய்து வைத்த புத்தகம். "இந்தக் குப்பையை எதற்காகக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று கேட்காத கணவன்மார் உண்டோ? ஆனால் நடுவில் ஓர் அத்தியாயம் காணவில்லை என்றால் முதலில் கூச்சல் போடுகிறவரும் அவரேதான்!

அமெரிக்காவில் ஒருவர் உலகம் முழுவதற்குமாக ஒரு பரண் கட்டினார். பெயர் புரூஸ்டர் கேல். 1960-ல் நியூயார்க்கில் பிறந்தவர், 1982-ல் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தார். மாபெரும் கம்ப்யூட்டர்களைச் செய்துவந்த திங்கிங் மெஷின்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கோ தொலைவில் உள்ள கம்ப்யூட்டரில் கிடக்கும் நூலையும் செய்தியையும் இருந்த இடத்திலிருந்தே தேடி எடுத்தால் என்ன? 'வெய்ஸ்' என்ற அந்த ஏற்பாட்டை, இன்று நாம் விரலால் தட்டித் தேடுகிறோமே, அதற்குப் பாட்டி முறை என்று சொல்லலாம். 1992-ல் அதைத் தனிக் கம்பெனியாக்கிப் பத்திரிகைகளையும் கலைக்களஞ்சியங்களையும் இணையத்துக்கு அழைத்து வந்தார். 1995-ல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

கையில் பணம் வந்தது. மனிதர் ஓய்ந்து உட்கார்ந்தாரா? அதுதான் இல்லை. 1996-ல் ஒரே சமயத்தில் இரண்டு காரியம் தொடங்கினார். ஒன்று வியாபாரம்: அலெக்சா என்ற கம்பெனி. பழைய அலெக்சாண்டிரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர். மற்றது தருமம்: 'இன்டர்நெட் ஆர்க்கைவ்'. இணையப் பக்கங்களையெல்லாம் பிரதி எடுப்பது அலெக்சாவின் வேலை. அவற்றைச் சேர்த்து வைப்பது ஆர்க்கைவின் வேலை. 1999-ல் அமேசான் அலெக்சாவைப் பெருந்தொகைக்கு வாங்கியது. அப்புறமும், கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவதுபோல், அலெக்சாவிலிருந்து பிரதிகள் வந்துகொண்டே இருந்தன!

2001-ல் அந்தப் பரணின் கதவு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்தது. விலாசத்தைச் சொன்னால் போதும். அந்தப் பக்கம் பத்து வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். லட்சக்கணக்கானோர் ஆசையாக எழுதி வைத்திருந்த ஜியோசிட்டீசை யாஹூ 2009-ல் இழுத்து மூடியபோது, அள்ளிக் காப்பாற்றியவர்களில் இவர்களும் உண்டு. 2025-ல் சேகரம் 1 லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. அலெக்சா தளமோ 2022-ல் மூடப்பட்டுவிட்டது. விற்ற கடை போயிற்று, தருமம் நிற்கிறது.

வழக்கும் வம்பும் இல்லாமல் இல்லை. 2020-ல் கொரோனாவால் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, பிரதி எடுத்த புத்தகங்களை எத்தனை பேர் கேட்டாலும் இரவல் கொடுத்தார்கள். நான்கு பெரிய பதிப்பகங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2023-லும், மேல் முறையீட்டில் 2024-லும் தீர்ப்பு ஆர்க்கைவுக்குப் பாதகமாகவே வந்தது. 5 லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்களை இரவல் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எழுதிப் பிழைப்பவருக்கும் வயிறு உண்டு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. படிக்க வழியில்லாதவரின் ஏக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சுலபமா, சொல்லுங்கள்?

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? பேத்தியின் முதல் நடை, மாமியார் குரலில் சொன்ன வத்தக்குழம்புப் பக்குவம், மறைந்தவரின் கடைசிச் செய்தி எல்லாம் இப்போது யாரோ ஒரு கம்பெனியின் பெட்டகத்தில் அல்லவா இருக்கின்றன? கம்பெனி கடையைக் கட்டினால் என்ன செய்வோம்? கேல் 2002-ல் தம் சேகரத்தின் பிரதி ஒன்றை எகிப்தின் புதிய அலெக்சாண்டிரியா நூலகத்துக்குக் கொடுத்து வைத்தார். ஒரே இடத்தில் இருப்பது ஒரு நாள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சகோதரிகளே, நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்துத் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்களேன்!