முதல் நாளே கழிப்பறை

1994 ஜூலையில், ருவாண்டாவிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாள்களுக்குள் அன்றைய ஜயர் நாட்டின் கோமா பகுதியில் குவிந்தார்கள். ஒரே மாதத்தில் சுமார் 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொண்டுபோனது காலராவும் சீதபேதியும். கோமா எரிமலைப் பாறைமேல் இருக்கும் ஊர். கடப்பாரை இறங்காத அந்த நிலத்தில் மலக்குழி வெட்ட முடியவில்லை, பிணக்குழியும் வெட்ட முடியவில்லை. முதல் வாரம் தலைக்குக் கிடைத்த சுத்தமான நீர் நாளொன்றுக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். மற்றபடி, கிவு ஏரியில் மொண்டு குடித்தார்கள்.

இதைப் படிப்பவர்கள், தண்ணீர் லாரியை உடனே அனுப்பியிருந்தால் போதுமே என்பார்கள். முகாம்களில் இன்றும் நடப்பது அதுதான்: முதலில் தண்ணீரும் சோறும், கழிப்பறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வரிசையே தவறு என்கிறேன். குளோரின் கலந்த நீர் குழாயடியில் சுத்தமாகத்தான் இருக்கிறது. கூடாரத்துக்குள் போனதும், வெளிக்குப் போய்வந்து சோப்பு போடாத ஒரு பிள்ளையின் கை டம்ளரோடு குடத்துக்குள் இறங்குகிறது. அங்கே முடிந்தது சுத்தம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் தஞ்சம் புகுந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், அடிபம்பில் பிடித்த நீரைவிட வீட்டுக் குடத்து நீரில்தான் மலக்கிருமி அதிகம் காணப்பட்டது. அவசரத்தில் ஆழமில்லாமல் தோண்டிய குழிகள் சீக்கிரமே நிரம்பின. பல குழிகள் அடிபம்புகளை ஒட்டியே இருந்தன. இருட்டில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போக அஞ்சிய பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கொடுத்த தண்ணீரும் அவர்களுக்குப் பயன்படவில்லை.

காலராவுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, காக்ஸ் பஜாரில் அது பெரிய அழிவைத் தடுக்க உதவியது. ஆனால் உலகக் கையிருப்பு போதாமல், 2022 அக்டோபர் முதல் காலரா பரவும் இடங்களில் இரண்டு தவணைக்குப் பதில் ஒரே தவணைதான் தருகிறார்கள். சீதபேதியையும் மஞ்சள்காமாலையையும் அந்த மருந்து தடுக்காது. மக்கள் சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவார்கள், எதற்குச் செலவு என்பது இன்னொரு வாதம். காக்ஸ் பஜாருக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

50 பேருக்கு ஒன்றாகத் தொடங்கி, விரைவில் 20 பேருக்கு ஒன்று என்பது முகாம் கழிப்பறைகளுக்கு, நிவாரணப் பணிகளின் குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு வகுத்த அளவு. அடுத்த முறை நிவாரணத்துக்குப் பணம் தருபவர்கள், அதில் எத்தனை கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாளும் வெளியே விளக்கும் உண்டா என்று கேட்டுவிட்டுத் தாருங்கள்.